இடப்பக்க ஸ்டியரிங் கார்களுக்கு அனுமதி வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வளைகுடா நாடுகளில் பணிபுரிந்து ஊர் திரும்புவோர் அங்கே ஓட்டிய காரைத் தாயகத்துக்குக் கொண்டுவர அனுமதிக்க வேண்டும் என்று வாசகர் ஒருவர் தங்கள் நாளிதழில் எழுதியிருந்தார். உழைத்த காசில் வாங்கிய காரை விட்டுவர மனம் வராதுதான். ஆயினும், சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் இடையே மலைப்பாதையில் கார் ஓட்டுபவன் என்ற முறையில், அந்தக் கோரிக்கையை என்னால் ஏற்க இயலவில்லை.

சவுதி, குவைத், கத்தார் போன்ற நாடுகளில் வண்டிகள் சாலையின் வலப்பக்கம் செல்வதால் ஸ்டியரிங் இடப்பக்கம் இருக்கிறது. நமக்கு இரண்டும் நேர்மாறு. ஓட்டுநர் நடுக்கோட்டை ஒட்டி அமர்ந்து எதிரே வருவதைப் பார்க்க வேண்டும் என்பதே இரண்டு ஏற்பாட்டுக்கும் நோக்கம். வளைகுடாக் காரை இங்கே ஓட்டுபவரின் பார்வை ஏறத்தாழ முக்கால் மீட்டர் சாலையோரமாக ஒதுங்கிவிடுகிறது. அடிவாரம் தாண்டி, இருபது கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட பாதையில் முன்னே ஒரு பேருந்து ஏறிக்கொண்டிருந்தால், எதிரே இறங்கும் லாரி அவர் கண்ணுக்குத் தெரிவதற்குள் காரின் பாதி எதிர்த்தடத்துக்குள் போயிருக்கும்.

இதைவிடவும் எனக்குக் கவலை தருவது, அதிகம் பேசப்படாத முகப்பு விளக்கு. டிம் செய்த நிலையில் அதன் ஒளி இருபுறமும் சமமாக விழுவதில்லை. எதிர்வண்டி வரும் பக்கம் தாழ்ந்தும், நடந்து செல்வோரும் அறிவிப்புப் பலகைகளும் உள்ள ஓரத்தில் சற்று உயர்ந்தும் விழும்படியே அதைச் செய்கிறார்கள். வளைகுடாக் காரில் அந்த உயர்ந்த ஒளி வலப்பக்கம் என்பதால், ஓட்டுநர் முறையாக டிம் செய்திருந்தாலும் இங்கே அது எதிரே வருபவரின் கண்ணில்தான் அடிக்கும். பனிமூட்டம் இறங்கிய இரவில், வளைவில் திரும்பும் பைக்காரருக்கு ஒரு நொடி கண் கூசினாலும் தடுப்புச் சுவர் எங்கே என்று தெரியாமல் போகும்.

மத்திய அரசின் இறக்குமதி விதிகள் வலப்பக்க ஸ்டியரிங்கோடு, இடப்பக்கப் போக்குவரத்துக்கு ஏற்ற முகப்பு விளக்கையும் நிபந்தனையாக வைத்திருப்பது வெறும் பிடிவாதமன்று. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 120-ஆம் பிரிவு, சைகைக் கருவி பொருத்திய இடப்பக்க ஸ்டியரிங் வண்டியை ஓட்ட இடமளிக்கிறது என்று அந்த வாசகர் சுட்டியது சரியே. ஆனால் ஓட்டுநரின் கைச்சைகை மற்றவர்களுக்குத் தெரியாத குறையை மட்டுமே அக்கருவி தீர்க்கும்; பார்வைக் குறையையும் ஒளியையும் அது தீர்க்காது. மெக்கானிக்கிடம் கொடுத்து ஸ்டியரிங்கை மாற்றிக்கொள்ளலாம் என்பதும் எளிதான காரியமன்று. பெடல்கள், டேஷ்போர்டு, வைப்பர், விளக்குகள் வரை எல்லாமே மாற வேண்டும்.

மியான்மர் 1970-இல் வலப்பக்கப் போக்குவரத்துக்கு மாறிய பிறகும் வலப்பக்க ஸ்டியரிங்கும் இடப்பக்கக் கதவும் கொண்ட ஜப்பானின் பழைய வண்டிகளே அங்கு நிறைந்தன. பேருந்துப் பயணிகள் நடுச்சாலைப் பக்கம் இறங்க வேண்டியதாயிற்று. ஆஸ்திரேலியா, நியூசிலாந்திலிருந்து மலிவான வலப்பக்க ஸ்டியரிங் கார்களைப் பெற விரும்பிய பசிபிக் தீவு நாடான சமோவா, 2009-இல் நாடு முழுவதும் சாலையின் பக்கத்தையே வலத்திலிருந்து இடத்துக்கு மாற்றிக்கொண்டது. நம்மால் அது ஆகாது.

ஊர் திரும்புவோர் இங்கே புதிய கார் வாங்கும்போது சாலை வரியில் சலுகை கேட்டால் நானும் ஆதரிப்பேன். கூடவே, வெளிநாட்டு முகப்பு விளக்குகளை இணையத்தில் வாங்கிப் பொருத்திய வண்டிகளைப் போக்குவரத்துத் துறையினர் ஏற்காடு அடிவாரத்திலேயே சோதித்துத் திருப்பி அனுப்ப வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
ஏற்காடு.