பாப்பாவுக்கு மத்தீஸைச் சொல்லும்போது

அன்புள்ள கண்ணம்மா,

பள்ளியில் பாப்பா ஓவியர் மத்தீஸைப் பற்றிப் பேசப்போகிறாள், எங்கிருந்து ஆரம்பிப்பது என்று கேட்டிருந்தாய். அதே நாளில் மாப்பிள்ளையிடமிருந்தும் கடிதம் வந்தது. சரி, அது அப்புறம்.

1869இல் பிரான்ஸில் பிறந்தார் என்று ஆரம்பிக்காதே, கொட்டாவி விடுவாள். முதலில் அந்தப் பச்சைக்கோடு படத்தைக் காட்டு. 1905இல் தன் மனைவியை வரைந்தது. நெற்றியிலிருந்து மூக்கு வழியாக ஒரு பச்சைப் பட்டை இறங்கும். அதற்கு ஒரு பக்கம் முகம் மஞ்சள், மறுபக்கம் இளஞ்சிவப்பு. "ஏன் மூக்கு பச்சை?" என்று அவளே கேட்பாள். உடனே பதில் சொல்லிவிடாதே. தள்ளி நின்று கண்ணைச் சுருக்கிப் பார்க்கச் சொல். மூக்கு எடுப்பாகத் தெரியும். மற்றவர்கள் பழுப்பையும் கறுப்பையும் பூசி நிழல் காட்டிய இடத்தில் இவர் பளிச்சென்று ஒரு வண்ணத்தை வைத்தார், அவ்வளவுதான். அந்த வருஷம் பாரிஸ் கண்காட்சியில் இவர் படங்களையும் நண்பர்களின் படங்களையும் பார்த்த விமர்சகர் ஒருவர் 'காட்டு விலங்குகள்' என்று எழுதினார். பாப்பாவுக்கு இது ரொம்பப் பிடிக்கும்.

மத்தீஸ் சட்டம் படித்து வக்கீல் அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தவர். இருபது வயதில் குடல்வால் அழற்சி வந்து படுத்தபோது, பொழுது போகட்டும் என்று அம்மா வண்ணப் பெட்டி வாங்கிக் கொடுத்தார். எழுந்தவர் ஓவியராகப் போகிறேன் என்றார், அப்பாவுக்கு வருத்தம். (நீ சிரிப்பது தெரிகிறது. உன் படங்களை வருகிறவர்களிடமெல்லாம் காட்டுகிற அப்பா நான், அதையும் நினைத்துக்கொள்.)

அடுத்து 1941. குழந்தைகளிடம் இதைச் சொல்லாமல் தாண்டிவிடுவார்கள், நீ தாண்டாதே. 71 வயதில் வயிற்றில் பெரிய அறுவை சிகிச்சை. அதன்பிறகு பெரும்பாலும் படுக்கை, இல்லையென்றால் சக்கர நாற்காலி. நீளக் குச்சியின் முனையில் கரித்துண்டைக் கட்டிப் படுத்தபடியே சுவரில் வரைந்தார். தாளுக்கு வண்ணம் பூசி வைப்பது உதவியாளர்கள் வேலை. இவர் கத்தரிக்கோலால் வெட்டுவார். "இன்னும் கொஞ்சம் மேலே" என்று இவர் சொல்லச் சொல்ல, அவர்கள் நகர்த்திக் குண்டூசி குத்துவார்கள். 1953இல் செய்த 'நத்தை' அப்படி வந்ததுதான். ஒவ்வொரு பக்கமும் கிட்டத்தட்ட 2.9 மீட்டர், இப்போது லண்டன் டேட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உதவி கேட்க அந்த மனுஷனுக்குக் கூச்சமே இல்லை.

பாப்பாவையும் செய்யச் சொல். தாளுக்கு அவளே வண்ணம் பூசட்டும், காய்ந்ததும் வெட்டட்டும். பென்சில் கோடு வேண்டாம். உடனே ஒட்டவும் வேண்டாம், நகர்த்தி நகர்த்திப் பார்க்கட்டும். கோணல்மாணலாக வெட்டுகிறாளே என்று கத்தரிக்கோலை நீ வாங்கிக்கொள்ளாதே. வாங்கிக்கொள்வாய், எனக்குத் தெரியும். எதையும் இன்னொருவர் கையில் விட உனக்கு மனசு வராது. சின்ன வயசிலேயே அப்படித்தான், அதனால்தான் இவ்வளவு தூரம் வந்தாய் என்பதும் உண்மை.

தையல் பிரித்த கையோடு வேலைக்குப் போய்விட்டாயாம், ராத்திரி துணி மடிக்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாயாம். மாப்பிள்ளை எழுதியிருக்கிறார். அவரைக் கோபித்துக்கொள்ளாதே. போனில் கேட்டால் "எனக்கென்னப்பா" என்கிறாய், நானும் பாப்பாவைப் பற்றி விசாரித்துவிட்டு வைத்துவிடுகிறேன்.

வண்ணம் கரைக்கிற வேலையை அவரிடம் விடு. நீ உட்கார்ந்துகொண்டு சொன்னால் போதும். கத்தரிக்கோல் பாப்பாவிடமே இருக்கட்டும். மறுபடி எப்போது வரச் சொன்னார் டாக்டர்? அதை எழுது.

அப்பா