பரிந்துரைக்குப் பிறகு என்ன ஆனது?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

குலுக்கலில் தேர்ந்தெடுக்கப்படும் குடிமக்கள் பேரவைகள் பற்றிய கட்டுரையைச் சென்ற இதழில் படித்தேன். சாதாரண மக்கள் கூடி உட்கார்ந்து, நிபுணர்களைக் கேள்வி கேட்டு, பொறுமையாகப் பேசி ஒரு முடிவுக்கு வர முடியும் என்பதைக் கட்டுரையாளர் நன்றாகவே சொல்லியிருந்தார். ஆனால் பேரவை கலைந்த நாளோடு கட்டுரையும் முடிந்துவிட்டது. இந்தத் துறையின் ஆய்வும் பாடமும் பெரும்பாலும் அங்கேயேதான் நின்றுவிடுகின்றன. இதைக் கற்பிப்பவள் என்ற முறையில் எனக்கு இது பெரிய குறையாகப் படுகிறது.

அயர்லாந்தையே எடுத்துக்கொள்வோம். கருக்கலைப்புத் தடை பற்றி 99 குடிமக்கள் விவாதித்தார்கள், 2018 பொதுவாக்கெடுப்பில் 66.4 சதவீதம் பேர் தடையை நீக்க வாக்களித்தார்கள் என்று எல்லோரும் சொல்கிறோம். இரண்டுக்கும் நடுவில் நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் சேர்ந்த ஒரு குழு அந்தப் பரிந்துரைகளை அக்குவேறு ஆணிவேறாக அலசியது. எதிர்க்கட்சித் தலைவராக இருந்த மிஹால் மார்ட்டின் தன் நிலைப்பாடு மாறிவிட்டது, தடை நீக்கத்தை ஆதரிக்கிறேன் என்று 2018 ஜனவரியில் அவையிலேயே அறிவித்தார். மக்கள் பேசியது சட்டமாக மாறும் வழி அந்தக் குழு அறைக்குள்தான் திறந்தது. வகுப்பில் அதற்கு ஒரு மணி நேரம்கூட ஒதுக்குவதில்லை.

வழி திறக்காத கதைகளும் உண்டு. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2004-ல் 160 பேர் கூடிப் புதிய தேர்தல் முறையைப் பரிந்துரைத்தார்கள். அடுத்த ஆண்டு வாக்கெடுப்பில் 57.7 சதவீத ஆதரவு கிடைத்தது. அரசு வைத்திருந்த வரம்போ 60. ஐஸ்லாந்தில் மக்களின் கருத்துகளையும் கேட்டு எழுதிய அரசியலமைப்பு வரைவுக்கு 2012-ல் வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் ஆதரவு தந்தும், நாடாளுமன்றம் அதை நிறைவேற்றவில்லை. பிரான்ஸில் 150 பேர் தந்த 149 காலநிலைப் பரிந்துரைகளை 'வடிகட்டாமல்' முன்னெடுப்பதாக அதிபர் மக்ரோன் வாக்குறுதி தந்திருந்தார். 2021-ல் அதே உறுப்பினர்கள் மீண்டும் கூடி, தங்கள் பரிந்துரைகளை அரசு நடத்திய விதத்துக்கு மதிப்பெண் போட்டார்கள். சராசரி, 10-க்கு 4-ஐக்கூடத் தொடவில்லை. தங்கள் நேரத்தையும் உழைப்பையும் கொடுத்த மனிதர்களுக்கு இப்படியொரு முடிவு என்பது எனக்கு இன்னும் வலிக்கிறது.

ஆய்வாளர்கள் ஏன் பேரவை கலைவதோடு நின்றுவிடுகிறார்கள் என்பது புரியாமல் இல்லை. பேரவைக்கு முன்னும் பின்னும் ஒரு கேள்வித்தாள் கொடுத்தால், கருத்து எவ்வளவு மாறியது என்று அளந்துவிடலாம். பரிந்துரை ஒன்று அமைச்சகம், நிதிநிலை அறிக்கை, நீதிமன்றம் என்று அலைவதைப் பின்தொடர ஆண்டுகள் பிடிக்கும். அதற்குள் ஆய்வு நிதி தீர்ந்துவிடும். சரி, பாடத்திட்டத்துக்கு அந்தத் தடை இல்லையே? முடிவெடுப்பதில் குடிமக்களுக்கு எவ்வளவு பங்கு என்பதைத் தரம்பிரிக்க ஷெர்ரி ஆர்ன்ஸ்டைன் 1969-ல் முன்வைத்த எட்டுப் படி ஏணியை மாணவர்கள் மனப்பாடமாக ஒப்பிக்கிறார்கள். அதற்குப் பதிலாக ஆளுக்கொரு பரிந்துரையைக் கையில் கொடுத்து, அது எந்த மேசையில் நின்றது, யார் என்ன காரணம் சொல்லி நிறுத்தினார் என்று பருவம் முழுக்கத் தேடச் சொல்லலாம். அப்புறம் அந்த ஏணிக்கும் தானாகவே பொருள் வரும்.

பெல்ஜியத்தின் ஜெர்மன் மொழிப் பகுதியில் 2019 முதல் நிரந்தரக் குடிமக்கள் அவை இயங்குகிறது. அங்கே வரும் பரிந்துரைகளை நாடாளுமன்றக் குழு குடிமக்களோடு சேர்ந்தே விவாதிக்க வேண்டும். ஏற்காவிட்டால் காரணம் சொல்ல வேண்டும். பின்னர் இன்னொரு அமர்வில், நிறைவேற்றியது எவ்வளவு என்றும் பதில் சொல்ல வேண்டும். உங்கள் கட்டுரையாளர் அடுத்து இந்த ஏற்பாட்டைப் பற்றி, குறிப்பாக அங்கே நிராகரிக்கப்பட்ட பரிந்துரைகளைப் பற்றி எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அதை என் மாணவர்களுக்குப் பாடமாகவே வைப்பேன்.

இப்படிக்கு,
அரசறிவியல் கற்பிக்கும் வாசகி