ஆண்டறிக்கை 2024–25: குடியிருப்போர் நலச் சங்கம், தண்டையார்பேட்டை வட்டாரம்

தலைவர் அவர்களுக்கும், செயற்குழு உறுப்பினர்களுக்கும், ஞாயிற்றுக்கிழமை சமையலை ஒதுக்கி வைத்துவிட்டு வந்திருக்கும் தாய்மார்களுக்கும், மற்ற உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமான வேலைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். மழைக்கு முன்னால் வடிகால் தூர்வார மாநகராட்சிக்கு மனு கொடுத்தோம். பாதித் தெருவுக்கு வாரினார்கள். டிரான்ஸ்பார்மருக்கு அந்தப் பக்கம் அப்படியேதான் கிடக்கிறது. குடிநீரில் கழிவுநீர் கலந்த புகாருக்குக் குழாய் மாற்றிக் கொடுத்தார்கள். கண் பரிசோதனை முகாம் நல்லபடியாக நடந்தது. பொங்கல் கோலப் போட்டியில் முதல் பரிசு யாருக்கு வந்திருக்க வேண்டும் என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை. அதற்குள் நான் போவதாக இல்லை.

இந்த ஆண்டு சங்கத்தின் நேரத்தை அதிகம் எடுத்துக்கொண்டது, பள்ளியில் நம் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் படுத்துகிற பாடு. அதை விரிவாகச் சொல்லவேண்டும் என்று செயற்குழு கேட்டுக்கொண்டது.

நம் பகுதிப் பையன் ஒருவன், எட்டாம் வகுப்பு. அப்பாவுக்குக் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் வேலை. சாப்பாட்டு டப்பா தினமும் திறக்காமலே திரும்பி வருவதை அம்மாதான் முதலில் கவனித்தார். கேட்டால், "பசிக்கலம்மா." பல நாள் கழித்துத்தான் விஷயம் வெளியே வந்தது. வகுப்பில் அவனுக்குப் பெயரே கிடையாது, 'கவுச்சி'தான். டப்பாவைத் திறந்தால் நாலு பேர் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து ஓடுவார்கள், மற்றவர்கள் சிரிப்பார்கள். வஞ்சிரம் வாங்க விடியற்காலையில் காசிமேட்டுக்கு ஓடுகிற வீட்டுப் பிள்ளைகள்தான் இவர்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அம்மா பள்ளிக்குப் போய்ச் சொன்னார். வகுப்பாசிரியர் நல்ல எண்ணத்தோடுதான், இரண்டு தரப்பையும் வகுப்புக்கு முன்னால் நிறுத்தி, "கை குடுத்துக்கோங்க, இனிமே பிரண்ட்ஸ்" என்று முடித்துவைத்தார். அன்று சாயங்காலம் பஸ் ஸ்டாப்புக்குப் பின்னால் பையனுக்கு அடி விழுந்தது. "போட்டுக் குடுக்கிறியா?" என்று கேட்டுக் கேட்டு அடித்திருக்கிறார்கள். குடும்பத்தின் சம்மதத்தோடு சொல்கிறேன். பள்ளியின் பெயர் வேண்டாம் என்று அவர்களே கேட்டுக்கொண்டதால் விட்டுவிடுகிறேன்.

இதைப் பேசக் கூட்டிய சிறப்புக் கூட்டத்தில் குரல் உயர்ந்தது. ஒரு தரப்பு, "கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிங்க சார்" கட்சி. இன்னொரு தரப்பு, டி.சி. கொடுத்து அனுப்பு என்றது. இரண்டுக்கும் சட்டத்தில் இடமில்லை. 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது. வம்பு செய்த பிள்ளைக்கும் அது பொருந்தும். 16ஆம் பிரிவின்படி எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியிலிருந்து நீக்க முடியாது. சட்டம் கிடக்கட்டும் என்றாலும், ஒரு பள்ளி தள்ளிவிட்ட பையன் அடுத்த பள்ளியில் போய் என்ன செய்வான்? அங்கேயும் நம் பிள்ளைகள்தானே படிக்கிறார்கள்.

நம் உறுப்பினரான ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் அன்று பேசியதுதான் எங்கள் யோசனையைத் திருப்பியது. இரண்டு பையன்கள் சம பலத்தோடு அடித்துக்கொண்டால் சமாதானம் செய்துவைக்கலாம். பலமுள்ளவன் பலமில்லாதவனைத் திரும்பத் திரும்பச் சீண்டுவது சண்டையே இல்லை. அங்கே கை கொடுக்கச் சொன்னால் தோற்றவனை இன்னொரு முறை தோற்கடிப்பதுதான் என்றார். பள்ளிகளில் சீண்டலைத் தடுக்கப் பின்லாந்தில் துர்க்கு பல்கலைக்கழகம் உருவாக்கிய 'கிவா' திட்டத்தைப் பற்றியும் சொன்னார். அதில் சீண்டுகிறவனைவிடச் சுற்றி நின்று சிரிக்கிறவர்கள்மேல்தான் அதிகக் கவனம் வைப்பார்களாம். சிரிப்பு நின்றால் கெத்து போய்விடும், கெத்து போனால் சீண்டலில் சுவாரசியம் இருக்காது. நம் ஊருக்கும் இது அப்படியே பொருந்தும் என்று எனக்குப் படுகிறது. அந்த வகுப்பில் மூக்கைப் பொத்தியது நாலு பேர்தான்.

புகார் சொன்ன பிள்ளையைக் காப்பாற்றுவது பற்றியும் நிறையப் பேசினோம். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். சாதியைச் சொல்லிச் சக மாணவர்கள் செய்த தொல்லையால் பள்ளிக்குப் போகாமல் இருந்த பிளஸ் டூ மாணவன், பள்ளியில் கேட்டபோது நடந்ததைச் சொன்னான். அன்றிரவே வீடு புகுந்து அவனை அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. அதன்பிறகு, பள்ளிகளில் சாதிப் பகையைத் தடுக்க வழி சொல்ல அமைக்கப்பட்ட ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அரசிடம் அறிக்கை கொடுத்தது. கையில் சாதி அடையாளமாக வண்ணக் கயிறு கட்டுவதைத் தடுக்க வேண்டும் என்ற பரிந்துரையைத்தான் டிவியில் விவாதித்தார்கள். புகார் வந்த அன்றைக்கே, அந்தப் பிள்ளை வீடு போய்ச் சேரும் வழியைப் பள்ளி யோசிக்க வேண்டும் என்பதுதான் எங்களுக்கு முக்கியமாகத் தோன்றியது.

இதையெல்லாம் வைத்து ஒரு பக்க வேண்டுகோள் எழுதி, சுற்றுவட்டாரப் பள்ளிகளில் நேரில் கொடுத்தோம். புகார் வந்தால் இரண்டு தரப்பையும் தனித்தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள், தேதி போட்டு எழுதி வையுங்கள்; யார் சொன்னது என்று வகுப்பில் சொல்லாதீர்கள், பார்த்து நின்ற பிள்ளைகளையும் ஒவ்வொருவராக விசாரியுங்கள்; இடம் மாற்றி உட்கார வைப்பதென்றால் சீண்டியவனை மாற்றுங்கள் என்று கேட்டோம். பெரும்பாலும் பாதிக்கப்பட்ட பிள்ளையைத்தான் மாற்றுகிறார்கள். "உன் நல்லதுக்குத்தான்" என்று வேறு சொல்வார்கள். சாப்பாட்டு நேரத்தில் கழிவறைப் பக்கமும் மாடிப்படியிலும் ஒரு ஆசிரியர் நிற்க வேண்டும். ஒரு வாரம் கழித்து, அப்புறம் ஒரு மாதம் கழித்து, "இப்ப எப்படிப்பா இருக்கு?" என்று தனியாகக் கேட்க வேண்டும். சீண்டிய பையனின் வீட்டாரையும் அவமானப்படுத்தாமல் அழைத்துப் பேச வேண்டும். தேவைப்பட்டால் ஸ்டான்லி மருத்துவமனை மனநலப் பிரிவு நமக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. பாலியல் சீண்டலாக இருந்தால் பள்ளிக்குள் பஞ்சாயத்தே கூடாது. 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி தெரிந்தவர் உடனே தெரிவித்தாக வேண்டும்.

இன்னொரு வரியையும் சேர்த்தோம். செயற்குழுவிலேயே சிலருக்கு அது பிடிக்கவில்லை. ஆசிரியர்கள் "டேய் குண்டா", "கருப்பா" என்று கூப்பிடுவதை நிறுத்த வேண்டும் என்ற வரி. பாசமாகத்தான் கூப்பிடுகிறார்கள் என்றார் ஒரு உறுப்பினர். பாசமாகவே இருக்கட்டும், ஆசிரியர் வாயிலிருந்து வந்த பெயர் இன்டர்வெலில் என்ன ஆகிறது என்று அவர் பார்த்திருக்க மாட்டார்.

மாநகராட்சிப் பள்ளி ஒன்றின் தலைமையாசிரியை வேண்டுகோளை முழுதாகப் படித்து, மறுவாரமே சாப்பாட்டு நேரக் கண்காணிப்பைத் தொடங்கினார். 'மாணவர் மனசு' புகார்ப் பெட்டியை ஆபீஸ் அறை வாசலிலிருந்து எடுத்துத் தண்ணீர்க் குழாய் பக்கம் வைத்தார். எல்லோர் கண் முன்னாலும் இருந்த பெட்டியில் எந்தப் பிள்ளை சீட்டு போடும்? ஒரு தனியார் பள்ளியில், "எங்க ஸ்கூல்ல அந்த மாதிரி எதுவும் கிடையாது சார்" என்று காபி கொடுத்து அனுப்பினார்கள். காபி நன்றாக இருந்தது. பதில்தான் கவலையாக இருக்கிறது.

சரி, அந்தப் பையன் விஷயம். பள்ளி மறுபடி விசாரித்தது, இந்த முறை தனித்தனியாக. வேடிக்கை பார்த்தவர்களில் இரண்டு பேர் நடந்ததைச் சொன்னார்கள். கேலி முழுக்க நின்றுவிட்டது என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த இரண்டு பேரும் இப்போது அவனோடுதான் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள்.

வரும் ஆண்டுக்கு ஒரு வேண்டுகோள். அரசு, மாநகராட்சிப் பள்ளிகளின் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர்தான் இருக்க வேண்டும் என்பது சட்டம். உறுப்பினராக இருக்கிறவர்கள் கையெழுத்து மட்டும் போட்டுவிட்டு வராமல் இந்த விஷயத்தைக் கூட்டத்தில் எடுங்கள். பிள்ளைகளுக்கான உதவி எண் 1098, பள்ளிக் கல்வித் துறையின் எண் 14417 இரண்டையும் வீட்டுக் காலண்டரில் எழுதி வையுங்கள்.

அடுத்து பொருளாளர் வரவு செலவுக் கணக்கை வாசிப்பார். சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள் பட்டியலும் அவரிடம்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
செயலாளர்