அம்மாவிடம் சொல்லிவிட்டேன்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மாவுக்கு ஆபரேஷன் வருகிற வியாழக்கிழமை. புதன் மதியமே அட்மிட் ஆகிவிட வேண்டும். ரத்தப் பரிசோதனை, ஈசிஜி, எக்கோ எல்லாம் முடிந்தது. மயக்க மருந்து டாக்டரும் பார்த்துவிட்டுச் சரி என்று சொல்லிவிட்டார்.

நீ போனில் கேட்டுக்கொண்டதை நான் செய்யவில்லை. "வெறும் கட்டின்னு மட்டும் சொல்லுங்கப்பா, கேன்சர்னா அம்மா தாங்க மாட்டாங்க" என்றாய். உன் அத்தையும் அதையேதான் சொன்னாள். பாசத்தில் சொன்னீர்கள், எனக்குப் புரிகிறது. ஆனால் ஒரு பக்க மார்பையே எடுக்கப்போகிறார்கள். அதை அவளிடம் சொல்லாமல் எப்படி எடுக்க முடியும்? சம்மதக் கையெழுத்துப் போட வேண்டியவளும் அவள்தானே. நான் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, டாக்டரையே எல்லாவற்றையும் விளக்கச் சொன்னேன்.

அவள் இடிந்து போகவில்லை. வெளியே வந்ததும், "ஊசி போட்டு சதை எடுத்தாங்களே, அன்னைக்கே எனக்குத் தெரியும். ஆளாளுக்கு வாசலுக்குப் போய் போன் பேசினா எனக்குப் புரியாதா?" என்றாள். அன்று ராத்திரிதான் அழுதாள். நானும் அழுதேன். தெரியாதது போல அவள் இருக்க, அவளுக்குத் தெரியக் கூடாதென்று நாம் இருக்க, ஒரே வீட்டில் தனித்தனியாகப் பயந்துகொண்டிருந்தோம். இப்போது சேர்ந்து பயப்படுகிறோம். அதில் எவ்வளவு தெம்பு இருக்கிறது என்று உனக்குச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் மனநல ஆலோசகர் ஒரு தாளைக் கொடுத்தார். தெர்மாமீட்டர் படம், 0 முதல் 10 வரை எண்கள். போன ஒரு வாரமாக மனசு எவ்வளவு கஷ்டப்பட்டது என்று வட்டம் போட வேண்டும். 4 அல்லது அதற்கு மேல் வந்தால் உட்கார்ந்து பேசியாக வேண்டுமாம். அம்மா 8-ல் வட்டம் போட்டாள். எதனால் என்று டிக் அடிக்க, கீழே ஒரு பட்டியல்: பணம், குடும்பம், தூக்கம், பயம், வலி என்று. சாவு பயம்தான் பெரிதாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். அது இருந்தது, ஆனால் முதலில் வரவில்லை. மயக்கம் தெளியாமலே போய்விடுமோ என்று கேட்டாள். ஜாக்கெட் எப்படிப் போடுவது என்று கேட்டாள். அப்புறம் குரல் உடைந்து, "என் தங்கச்சி பொண்ணுக்கு வளைகாப்பு வருது, என்னை வளையல் போட விடுவாங்களா?" என்றாள். இத்தனை வருஷம் கூடவே இருக்கும் எனக்கே இந்தக் கேள்வி மனசில் தோன்றியிருக்காது. கேட்க ஒரு ஆள் இருந்ததால்தான் வெளியே வந்தது.

நர்ஸம்மா எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். தியேட்டர் குளிராக இருக்கும், கண் விழிக்கும்போது அக்குள் பக்கம் நீர் வடிய ஒரு குழாய் இருக்கும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், சில நாளில் எடுத்துவிடுவார்கள் என்றார். கை இறுகிப் போகாமலிருக்கச் சுவரில் விரல்களை மெல்ல மேலே ஏற்றும் பயிற்சியைக் காட்டினார். மூச்சை இழுத்தால் மூன்று பந்துகள் மேலே எழும் ஒரு கருவியும் கொடுத்திருக்கிறார்கள். அம்மா தினமும் டிவி பார்த்துக்கொண்டே இழுக்கிறாள், இரண்டாவது பந்து வரை வந்துவிட்டது. பதற்றம் அதிகமாக இருப்பவர்களுக்கு ஆபரேஷனுக்குப் பிறகு வலியும் அதிகமாகத் தெரியும் என்று டாக்டர் சொன்னார். அதனால் இந்தப் பேச்சும் சிகிச்சையில் ஒரு பகுதிதான்.

எல்லாவற்றையும் விடப் பெரிய உதவி, இதே ஆபரேஷன் செய்துகொண்ட ஒரு அம்மா வந்து பேசியது. என்னை வெளியே அனுப்பிவிட்டார்கள். ஜாக்கெட்டுக்குள் தைத்த பையையும் அதில் வைக்கும் பஞ்சுத் திண்டையும் எடுத்துக் காட்டினாராம். புண் ஆறும்வரை லேசான பஞ்சு போதும், அப்புறம் சிலிக்கானில் வாங்கிக்கொள்ளலாம் என்றாராம். தழும்பையும் காட்டியிருக்கிறார். உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது, தம்பி! நியூயார்க்கில் டெரிஸ் லாசர் என்ற பெண்மணி, தனக்கு மார்பு எடுத்த பிறகு, தன்னைப் போன்ற பெண்களை 1952 முதலே இப்படிப் போய்ப் பார்க்க ஆரம்பித்தாராம். ஒரு புருஷனால் சொல்ல முடியாததை அனுபவித்தவர் சொல்லிவிடுகிறார். அடுத்த தடவை அம்மா 5-ல் வட்டம் போட்டாள்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தன் தங்கையை 1923-ல் கேன்சருக்குப் பறிகொடுத்தார். அவர் எடுத்த முயற்சியால்தான் 1954-ல் 12 படுக்கைகளோடு அடையாறு கேன்சர் ஆஸ்பத்திரி தொடங்கியது. இத்தனை வருஷத்துக்குப் பிறகும் நம் ஊரில் "அடையாறுக்குப் போறாங்களாம்" என்று குரலைத் தாழ்த்தித்தான் சொல்கிறார்கள். அங்கே குணமாகி வந்து பேரன் பேத்தி எடுத்தவர்களைப் பற்றி யாரும் சத்தமாகச் சொல்வதில்லை. பார்க்க வந்த ஒருவர் தண்ணீர் கூடக் குடிக்கவில்லை, தொற்றிக்கொள்ளும் என்ற பயம். இது தொற்றுநோயே இல்லை என்று முகத்துக்கு நேராகச் சொல்லி அனுப்பினேன். இன்னொருவர் யார் யார் இதில் போனார்கள் என்று அம்மாவிடமே கதை சொல்ல ஆரம்பித்தார். இப்போது வருகிறவர்களோடு முதலில் வாசல் திண்ணையில் நான் பேசிவிட்டுத்தான் உள்ளே விடுகிறேன். உன் சின்னம்மா மட்டும் கேட்காமலே வருவாள், ரசம் வைப்பாள், தலை வாரிவிடுவாள், நோயைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டாள். வளைகாப்பில் முதல் வளையல் அக்காதான் போட வேண்டும் என்று அவளே சொல்லிவிட்டாள்.

பணத்தைப் பற்றிக் கவலைப்படாதே, காப்பீட்டில் பெரும்பகுதி வந்துவிடும். உன்னிடம் கேட்பது வேறு. அம்மாவுக்குப் போன் செய்யும்போது "ஒண்ணும் ஆகாதும்மா" என்று எடுத்தவுடனே முடித்துவிடாதே. அப்படிச் சொன்னால் அவள் உனக்காகச் சரி என்று சொல்லிவிட்டு, மிச்சத்தை உள்ளேயே வைத்துக்கொள்வாள். "பயமா இருக்காம்மா?" என்று கேள். கேட்டுவிட்டுச் சும்மா இரு. அழுதால் அழட்டும். உனக்கும் பயமாக இருந்தால் அதையும் சொல்.

அப்புறம், லீவு. ஆபரேஷன் அன்றைக்கே வந்து நிற்க வேண்டும் என்று துடிக்கிறாய். அன்றைக்கு இங்கே ஆள் நிறைய இருப்பார்கள், அவளும் பாதி நேரம் மயக்கத்தில் இருப்பாள். வீட்டுக்கு வந்த பிறகு, எடுத்த சதையின் பயாப்ஸி ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்கும் நாட்கள்தான் கஷ்டமானவை. பார்க்க வருகிறவர்களும் அப்போது குறைந்துவிடுவார்கள். மேற்கொண்டு கீமோ உண்டா, கரண்ட் (ரேடியேஷன்) வைக்க வேண்டுமா என்பதெல்லாம் அந்த ரிப்போர்ட்டைப் பார்த்துத்தான் முடிவாகும். லீவை அந்த நாட்களுக்குப் போடு. டிக்கெட் எடுத்ததும் தேதியை என்னிடம் சொல்லாதே, முதலில் அம்மாவிடம் சொல்.

அன்புடன்,
அப்பா