நாற்காலி விவகாரம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவில் மூத்த உறுப்பினர் ஒருவர் எழுந்து, ஒரே ஆண்டில் ஆறு ஷேக்ஸ்பியர் நாடகங்களை அள்ளிப் போட்டுக்கொண்டு ஒன்றையும் உருப்படியாகப் பேசவில்லை என்று குறைப்பட்டார். நியாயமான குறைதான். ஆகவே இந்த ஆண்டு முழுவதையும் மக்பெத் ஒன்றுக்கே ஒதுக்கினோம். அரங்கத்துக்குள் அந்தப் பெயரை உச்சரித்தால் ஆகாது என்று ஆங்கில நடிகர்கள் நம்புகிறார்கள். 'ஸ்காட்லாந்து நாடகம்' என்றுதான் சொல்வார்கள். நாம் கூடுவது பாத்திரக்கடை மாடியில் என்பதால் தாராளமாகச் சொன்னோம். பிப்ரவரியில் மின்சாரம் போனதற்குக் காரணம் வேறு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

மொத்தம் பத்துக் கூட்டங்கள். வழக்கம்போல அவரவர் வீட்டில் படத்தையோ மேடைப் பதிவையோ பார்த்துவிட்டு வந்து, இரண்டாம் ஞாயிறு மாலையில் பேசினோம். குறிப்பேட்டைப் புரட்டினால், பத்தில் ஏழு கூட்டங்கள் ஒரே காட்சியைச் சுற்றியே நடந்திருப்பது தெரிகிறது: மூன்றாம் அங்கத்து விருந்து. மன்னனைக் கொன்று அரியணை ஏறி, பிறகு நண்பன் பாங்க்வோவைக் கொல்ல ஆள் அனுப்பிவிட்டு விருந்துக்கு வரும் மக்பெத், தன் இருக்கையில் பாங்க்வோவின் ஆவி அமர்ந்திருப்பதைக் காண்கிறான். விருந்தினர் எவருக்கும் அது தெரியவில்லை. பார்வையாளர்களாகிய நமக்குத் தெரிய வேண்டுமா, கூடாதா? இதுதான் சண்டை.

சண்டைக்கு முன்னால் ஒரு குட்டிச் சண்டையும் நடந்தது: அது ஆவியா, பேயா? பேய் என்றால் தமிழ் படித்தவர்களுக்குக் கலிங்கத்துப்பரணி நினைவுக்கு வரும். அங்கே பேய்கள் போர்க்களத்தில் கூழ் காய்ச்சிக் கூத்தடிக்கின்றன. அந்தச் சொல் இந்த நாடகத்தில் கொப்பரையைச் சுற்றி ஆடி மக்பெத்துக்குக் குறி சொல்லும் மூன்று சூனியக்காரிகளுக்குப் பொருந்தும். பாங்க்வோ ஒன்றும் சமைக்கவில்லை, ஒரு வார்த்தையும் பேசவில்லை, சும்மா வந்து உட்காருகிறான். எனவே ஆவி என்றே பதிவு செய்தேன்.

'ஆள் வேண்டும்' கட்சியினரிடம் ஆதாரம் வலுவாக இருந்தது. 1623ஆம் ஆண்டுப் பதிப்பின் மேடைக் குறிப்பே ஆவி நுழைந்து மக்பெத்தின் இடத்தில் அமர்வதாகச் சொல்கிறது. 1611இல் குளோப் அரங்கில் நாடகம் பார்த்த சைமன் ஃபோர்மன் என்ற சோதிடர், பாங்க்வோவின் ஆவி வந்து நாற்காலியில் அமர்ந்ததைத் தம் குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். 1794இல் லண்டன் டிரூரி லேன் அரங்கில் ஜான் ஃபிலிப் கெம்பிள் துணிந்து நாற்காலியைக் காலியாக விட்டார். காசு கொடுத்து வந்தவர்களுக்கு அது பிடிக்கவில்லை. பின்னாளில் ஆவியைத் திரும்ப அழைத்துவர வேண்டியதாயிற்று.

'காலி' கட்சிக்கு ஒரே ஓர் ஆயுதம்தான், ஆனால் கூரானது. 1976இல் ஸ்ட்ராட்ஃபோர்டின் சிறிய அரங்கு ஒன்றில் ட்ரெவர் நன் இயக்கிய மக்பெத், பிறகு தொலைக்காட்சிக்காகவும் பதிவானது. அதில் ஆவி இல்லை. மக்பெத்தாக நடிக்கும் இயன் மெக்கெல்லனின் முகம் மட்டும்தான் இருக்கிறது. அருகில் மக்பெத்தின் மனைவியாக ஜூடி டென்ச் விருந்தினர்களைப் பார்த்துச் சிரித்துச் சமாளிக்கிறார். இதைப் பேசிய ஜூலை கூட்டத்தில் நான் உட்படப் பாதிப் பேர் கட்சி மாறினோம்.

இரண்டு கட்சிக்கும் பாலம் போட்டவர் ரூபர்ட் கூல்ட். 2007இல் பேட்ரிக் ஸ்டூவர்ட்டை வைத்து அவர் இயக்கிய தயாரிப்பில் ஆவி வந்த உச்சத்தில் இடைவேளை விட்டார்கள். இடைவேளை முடிந்து திரை திறந்தால் அதே விருந்து மறுபடியும் நடக்கிறது. இம்முறை விருந்தினர் கண்ணில் படுவதுபோல, ஆவியே இல்லாமல். அதை மேடையில் பார்த்தவர் நம்மில் எவரும் இல்லை. ஆனாலும் இவ்வாண்டு அதிகம் பேசப்பட்ட தயாரிப்பு அதுதான்.

திரைக்கு வந்தால் இந்தக் கேள்வி வேறு மாதிரி ஆகிவிடுகிறது. கேமரா ஒரு கணம் மக்பெத்தின் கண்ணாகவும் மறுகணம் விருந்தினர் கண்ணாகவும் இருக்கலாம். மக்பெத்தை ஜப்பானுக்குக் கொண்டுபோன குரோசாவாவின் 'த்ரோன் ஆஃப் பிளட்' (1957) படத்தில் இடம் காலியாக இருக்கிறது, பிறகு வெளிறிய உருவம் இருக்கிறது, பிறகு மறுபடி காலி. அங்கே நாற்காலியே கிடையாது, தரையில்தான் அமர்கிறார்கள். ஆவியைவிட என்னை அசைத்தது ஓர் ஓசை: இருட்டறைக்குள் போய்த் திரும்பும் நாயகனின் மனைவி அசாஜியின் பட்டாடை தரையில் உரசுகிறது. கடைசியில் நாயகனாக நடித்த மிஃபூனேயின் மீது பாயும் அம்புகள் நிஜமானவை என்று தெரிந்தபின் இரண்டு உறுப்பினர்கள் அந்தக் காட்சியை மறுபடி பார்த்துவிட்டு வந்தார்கள்.

மும்பை நிழலுலகத்துக்கு நாடகத்தைக் கொண்டுபோன இந்திப் படம் 'மக்பூல்' நன்றாகப் பேசப்பட்டது. சூனியக்காரிகளுக்குப் பதில் சாதகம் கணிக்கும் இரண்டு போலீஸ்காரர்கள் என்பது நம் ஊருக்கு எவ்வளவு இயல்பாக இருக்கிறது! மலையாள 'ஜோஜி'யில் (2021) ஆவியும் இல்லை, சூனியமும் இல்லை. இளைஞர்கள் கொண்டாடினார்கள். எனக்கு உப்புக் குறைந்த சாப்பாடாகத்தான் இருந்தது.

டிசம்பரில் நாடகாசிரியர் பம்மல் சம்பந்த முதலியாருக்காக ஒரு மாலைப் பொழுது. 1891இல் சென்னையில் சுகுண விலாச சபை என்ற நாடகக் குழுவைத் தொடங்கிய அவர், மக்பெத்தை 'மகபதி' ஆக்கினார், ஹாம்லெட்டை 'அமலாதித்யன்' ஆக்கினார். ஒலியும் கெடவில்லை, தமிழ்ப் பெயராகவும் நிற்கிறது. நம் திரையுலகம் அந்த அளவுக்கு மெனக்கெடவில்லை என்ற ஆதங்கம் எழுந்தது. 'ரத்தத் திலகம்' படத்தில் ஒதெல்லோ, 'சொர்க்கம்' படத்தில் ஜூலியஸ் சீசர் என்று சிவாஜி ஒவ்வொரு காட்சி நடித்ததோடு ஆசையைத் தீர்த்துக்கொண்டோம். மக்பெத் அவருக்கு வாய்க்கவே இல்லை.

இனி பிப்ரவரி. உறுப்பினர்களே தமிழாக்கிய விருந்துக் காட்சியை இரண்டு முறை வாசிப்பது என்று ஏற்பாடு: முதலில் காலி நாற்காலி, பிறகு பொருளாளர் அமர்ந்த நாற்காலி. முதல் வாசிப்பு பிரமாதம், கைதட்டல். இரண்டாவது தொடங்கியதும் கீழே கடையில் புது இயந்திரம் ஒன்றை ஓடவிட்டார்கள், ஃபியூஸ் போய்விட்டது. கைபேசி வெளிச்சத்தில் தாளைப் பார்த்துத் தொடர்ந்தோம். எதிரே பொருளாளரின் வெள்ளைச் சட்டை மட்டும் தெரிந்தது. மக்பெத்தாக வாசித்தவர் மூன்று ஆண்டுச் சந்தா பாக்கி வைத்திருப்பவர். குரல் தழுதழுத்தது, அது நடிப்பு இல்லை. காலி நாற்காலியோடு பேசியபோது அவர் நோயாளி போல இருந்தார். இப்போது கடன்காரன் போல இருந்தார். மக்பெத் கடன்காரன்தான் என்று எனக்குத் தோன்றியது. அன்றிரவே பழைய கட்சிக்குத் திரும்பிவிட்டேன் என்பதை இதன்மூலம் பதிவு செய்கிறேன்.

வரவு செலவு விவரம் தனித்தாளில் உள்ளது. வாடகை நாற்காலி ஒன்று உடைந்ததற்குப் பணம் கட்டினோம். இருட்டில் மக்பெத் உதைத்ததா, முன்பே விரிசல் விட்டிருந்ததா என்பது தீரவில்லை.

வரும் ஆண்டுக்கு லியர் மன்னன் பெரும்பான்மை பெற்றிருக்கிறான். கோசிந்த்சேவின் ருஷ்யப் படமும் பீட்டர் புரூக்கின் படமும் ஒரே ஆண்டில், 1971இல், வெளிவந்தவை. இரண்டையும் அடுத்தடுத்த மாதங்களில் வைக்கலாம். அதன்பின் லியர் கதையைத் தழுவிய குரோசாவாவின் 'ரான்' (1985). ஆட்சேபம் இருப்பவர்கள் இன்றே சொல்லிவிட வேண்டும்.

சந்தா பாக்கி உள்ளவர்களின் பட்டியல் பொருளாளரிடம் இருக்கிறது. ஏப்ரல் கூட்டத்தில் அவர் எந்த நாற்காலியில் உட்காருவார் என்று முன்கூட்டிச் சொல்ல இயலாது.

இப்படிக்கு,
செயலாளர்