மூன்றை மூடினாயா?

அன்பு மகளுக்கு,

நேற்று போனில் "ப்ரோக்ராம் அப்படியே நின்றுவிடுகிறதுப்பா, எர்ரர்கூட வரவில்லை" என்றாய். நீ அனுப்பிய ப்ரோக்ராமை இரவு உட்கார்ந்து ஓட்டிப் பார்த்தேன். ப்ரோக்ராம் கெர்னலிடம் (இயங்குதளத்தின் மையப் பகுதி) கேட்பதையெல்லாம் வரிவரியாகக் காட்டும் எஸ்ட்ரேஸில் கடைசி வரி ரீட்(4 என்று பாதியில் நின்றது, 4-இலிருந்து படிக்கக் காத்திருக்கிறது.

இரண்டு ப்ராசஸ்கள் (ஓடும் ப்ரோக்ராம்கள்) பேசிக்கொள்ள இரு முனைகள் தரும் சாக்கெட்பேரை நீ கூப்பிட்டது சரிதான்: ஏஎஃப்_யூனிக்ஸ், சாக்_ஸ்ட்ரீம், பூஜ்யம், முனைகளின் எண்கள் வந்து விழ இரண்டு இன்ட் கொள்ளும் ஓர் அரே. வழக்கமாக இணைப்பதற்குக் கூப்பிடும் பைண்ட், லிசன், கனெக்ட் எதுவும் தேவையில்லை. இணைந்தே பிறக்கும் இரட்டை அது. 1983-இல் 4.2 பிஎஸ்டி என்ற யூனிக்ஸில் வந்த பழைய சரக்கு. பைப் ஒருவழிப் பாதை, இதில் இரு முனையிலும் எழுதலாம், படிக்கலாம்.

தப்பு, ப்ராசஸை நகலெடுத்துத் தாய், பிள்ளை என்று இரண்டாக்கும் ஃபோர்க்குக்கு அப்புறம் இருக்கிறது. திறக்கும் ஒவ்வொன்றுக்கும் கெர்னல் ஓர் எண் தரும்; 0, 1, 2 ஏற்கெனவே உள்ளீடு, வெளியீடு, எர்ரர் மூன்றுக்கும் போய்விட்டதால் உன் முனைகளுக்குக் கிடைத்தவை 3, 4. ஃபோர்க் ஆனதும் தாயிடமும் 3, 4. பிள்ளையிடமும் 3, 4. முனைகள் இரண்டுதான், பிடித்திருக்கும் கைகள் நாலு. பிள்ளை 4-இல் காத்திருக்கிறது. தாய் எழுதி முடித்து 3-ஐ மூடிவிட்டது. இப்போது பிள்ளையின் ரீட், இனி எதுவும் வராது என்று பூஜ்யம் தர வேண்டும், தராது. 3-ஐப் பிள்ளையும் விடாமல் பிடித்திருக்கிறதே! எதிர்முனையில் இன்னும் ஆள் உண்டு என்பது கெர்னலின் கணக்கு. அந்த ஆள் பிள்ளையேதான். தாய் செத்தாலும் அது அசையாது.

ஃபோர்க்குக்கு அடுத்த வரியிலேயே பிள்ளை 3-ஐ மூடட்டும், தாய் 4-ஐ மூடட்டும்.

நானும் இதில் இரண்டு ராத்திரி தொலைத்தவன். எனக்குப் பிள்ளைகள் இரண்டு (ப்ராசஸைச் சொல்கிறேன், நீ ஒருத்திதான்). ஒவ்வொன்றுக்கும் தனி ஜோடி, மூட வேண்டியதை எல்லாம் மூடினேன். ஆனாலும் மூத்தது முடியவே இல்லை. இரண்டாவது ஃபோர்க்கின்போது, மூத்ததோடு பேசத் தாய் வைத்திருந்த முனையும் இளையதுக்குப் போய்விட்டது. இளையது சாகிறவரை மூத்தது காத்துக்கிடந்தது. இளையதுக்குள் அதையும் மூடிய பிறகுதான் சரியானது. எக்ஸெக் (ப்ராசஸில் வேறு ப்ரோக்ராமை ஏற்றுவது) செய்வதாக இருந்தால் லினக்ஸில் சாக்_க்ளோஎக்ஸெக் போட்டுவிடு, எக்ஸெக் ஆகும்போது தானாக மூடிக்கொள்ளும்.

இன்னொன்று: ஐந்து பைட்டாக இருமுறை எழுதினால் அந்தப் பக்கம் இருமுறை வரும் என்று எண்ணியிருக்கிறாய். ஸ்ட்ரீமில் பத்தும் ஒரே ரீட்டில் வரலாம். முன்னால் நீளத்தை எழுதி அனுப்பு, இல்லையென்றால் எழுதிய துண்டுகளைத் தனித்தனியாகவே தரும் சாக்_சீக்பேக்கெட்டுக்கு மாறு.

அப்புறம், எதிர்முனை போன பிறகு ரைட் செய்தால் சிக்பைப் என்ற சிக்னல் வந்து ப்ரோக்ராமையே கொன்றுவிடும். ரைட்டுக்குப் பதில் சென்ட் கூப்பிட்டு அதில் எம்எஸ்ஜி_நோசிக்னல் கொடுத்தால் ஈபைப் என்ற எர்ரரோடு பிழைக்கலாம்.

க்ளோஸ் வரிகளைச் சேர்த்து ஓட்டிவிட்டுப் போன் பண்ணு. முழித்துத்தான் இருப்பேன்.

அப்பா