கட்டாரியைப் பளபளப்பாக்க வேண்டாம்

குமரி மாவட்டத்தில் பழைய கட்டாரி, குறுவாள்களைக் காட்சிக்கு வைத்திருக்கும் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். தென்மேற்குப் பருவமழை தொடங்குமுன் உங்கள் காதில் போட்டுவைக்க வேண்டியவை சில.

பிடியில் மின்னும் பொற்கொடி பெரும்பாலும் கோஃப்த்கரி வேலை. எஃகைக் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, அந்தச் சொரசொரப்பில் மெல்லிய பொன்னிழையை அடித்துப் பிடிக்க வைத்திருப்பார்கள். புளி, எலுமிச்சை, பித்தளை பாலிஷ் எதைப் போட்டுத் தேய்த்தாலும் துருவுக்கு முன்னால் பொன் போய்விடும். அலகில் நெளிவரி ஓடினால் அது வூட்ஸ் எனப்படும் பழைய உருக்காக இருக்கலாம். உப்புத்தாள் பட்டால் அந்த வரியும் அழியும்.

தஞ்சை அரண்மனையிலிருந்து எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போன தென்னாட்டுக் கட்டாரிகளில் பலவற்றுக்கு ஐரோப்பிய வாளலகை வெட்டி, பிடியோடு தறையாணி அடித்திருக்கிறார்கள். அந்த வகை உங்களிடம் இருந்தால் ஆணியைச் சுற்றித்தான் முதலில் பார்க்க வேண்டும். கடற்காற்றின் உப்பு அந்த இடுக்கில் தங்கும். செம்மஞ்சள் துளிகள் வியர்வை மாதிரி முத்துமுத்தாக நின்றால் துரு உயிரோடு இருக்கிறது என்று பொருள். அதன்மேல் எண்ணெயோ மெழுகோ பூசி மூடினால் உள்ளே தின்றுகொண்டேதான் இருக்கும். உலோகப் பாதுகாப்பு வல்லுநரை அழையுங்கள். தேங்காயெண்ணெய் நம்மூரில் எல்லாவற்றுக்கும் கைமருந்துதான், இதற்கு ஆகாது, காறினால் அமிலமாகி இரும்பை அரிக்கும்.

கல்பிடி, தந்தப்பிடிக் கத்திகளில் அலகின் வால் பிடிக்குள் அரக்கில் நிற்கும். ஸ்பிரிட்டில் அரக்கு கரையும், ஹாலஜன் விளக்குச் சூட்டில் இளகும். ஆட்டம் கண்ட பிடியில் சூப்பர் குளூ ஊற்றாதீர்கள். பிறகு சேதமில்லாமல் பிரிப்பது மிகக் கடினம்.

உறைக்குள் வைக்கவே வேண்டாம். மரமும் தோலும் ஈரத்தை இழுத்து அலகோடு ஒட்டவைக்கும். உறையைப் பக்கத்தில் தனியாக வையுங்கள். இரும்பு மட்டும் என்றால் பெட்டிக்குள் ஈரப்பதம் 40 சதவீதத்துக்குக் கீழே இருக்கட்டும். தந்தம் இருந்தால் 45 அளவில் நிறுத்துங்கள், அதிகம் காய்ந்தால் வெடிக்கும். கன மீட்டருக்கு 20 கிலோ சிலிக்கா ஜெல் (ஈரம் உறிஞ்சும் மணிகள்) என்பது வழக்கமான கணக்கு. 60×40×30 செ.மீ. பெட்டிக்கு ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ வரும். கதவோரம் இடைவெளி இருந்தால் எவ்வளவு கொட்டினாலும் வீண். உள்ளே ஓர் ஈரப்பதமானி அவசியம்.

ஆயுத பூஜைக்குச் சந்தனமும் குங்குமமும் பீடத்தில் வைத்தால் போதும், அலகில் வேண்டாம்.

இப்படிக்கு,
பழைய உலோகப் பொருள் பராமரிப்பில் உள்ளோர்,
நாகர்கோவில்